இரத்த உறவினர்களுக்குத் தெரிவிக்கவும்

ராணுவத்தில் விருப்பம் தெரிவிக்கும் முறை இது: சார்ஜென்ட் எங்களை வரிசையாக நிறுத்திவைத்து, மரபணுச் சோதனைக்கு இஷ்டப்பட்டவர்கள் ஒரு அடி முன்னால் வரலாம் என்பார். வராமல் நிற்பவனை அவர் பார்க்கிற பார்வையில் மொத்த வரிசையும் முன்னால் வந்துவிடும். பதினெட்டு வருடம் லாரி என்ஜின்களோடு மல்லுக்கட்டிய மெக்கானிக் நானும் அப்படித்தான் மனமுவந்து போனேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ள ஒரு குப்பியில் கொஞ்சம் எச்சில் துப்பினால் போதுமாக இருந்தது.

ஆறு வாரத்தில் முடிவு வந்தது. என் தசைகளில் பிறவியிலேயே ஒரு கோளாறாம். சாதாரண நாளில் ஒன்றும் செய்யாது. ஆபரேஷனுக்காக மயக்க வாயு கொடுத்தால் மட்டும் உடம்பு உலையாகக் கொதித்து, தசையெல்லாம் விறைத்து, ஆள் மேஜையிலேயே போய்ச் சேரலாம். நாற்பது வயது வரைக்கும் என் உடம்பில் கத்தி பட்டதே இல்லை.

மருத்துவக் குழுவில் மூன்று டாக்டர்கள். பெரியவர் பொறுமையாக விளக்கினார். களத்தில் எனக்குக் குண்டடி பட்டால் அங்கே இருப்பது அந்த வாயு ஒன்றுதான். ஆகவே என்னைக் களத்துக்கு அனுப்ப முடியாது. அனுப்ப முடியாதவனை வைத்துக்கொள்ளவும் முடியாது. எனக்கும் விளங்கியது. குண்டு பாய்ந்து சாவதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை, குண்டை எடுக்கும்போது செத்தால்தான் விதிமீறல். கோளாறு வேலைக்குச் சேரும் முன்பே இருந்ததால் ராணுவம் பொறுப்பல்ல என்றும் எழுதிக்கொண்டார்கள். சேரும்போதே சொல்லியிருக்கலாமே என்று இரண்டாமவர் குறைப்பட்டார். எனக்கே தெரியாததை எப்படிச் சொல்வது என்று கேட்டேன். அதை மட்டும் யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

என்னை வீட்டுக்கு அனுப்பிய கடிதத்தை மனைவி இரண்டு முறை படித்தாள். உனக்கு உடம்பெல்லாம் கொதிப்பு என்று கல்யாணமான மறுநாளே சொன்னேனே, இதற்கு மூன்று டாக்டர்களா என்றாள். சிரித்தோம். பிறகு அவள் கடைசி வரியில் விரலை வைத்தாள். இரத்த உறவினர்களுக்குத் தெரிவிக்கவும் என்று இருந்தது. அதற்குமேல் சிரிக்க முடியவில்லை.

எனக்கு மிச்சமிருக்கும் ஒரே இரத்த உறவு தம்பி. அவனும் அதே ராணுவம்தான், பாராசூட் படை. குதித்துக் குதித்தே பெயர் வாங்கியதால் எல்லோருக்கும் அவன் குருவி. தேய்ந்துபோன முழங்காலுக்கு அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன். அது முடிந்ததும் புதியவர்களுக்குக் குதிக்கக் கற்றுக்கொடுக்கும் பயிற்றுநர் பதவி, அவன் ஏழு வருடமாகக் காத்திருந்தது. என் கோளாறு அவனுக்கும் இருக்கிறதா இல்லையா என்பது பூவா தலையா போட்டுப் பார்ப்பது மாதிரிதான்.

போனில் சொன்னேன்.

"யார்கிட்டயும் சொல்லாதண்ணா," என்றான். "டெஸ்ட் எடுத்தாத்தானே தெரியும்? தெரியாத வரைக்கும் நான் ஃபிட்."

மூன்று டாக்டர்கள் சேர்ந்தும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. முழு மயக்கம் வேண்டாம், முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தால் போதும் என்று கேட்கப்போகிறானாம். ஏன் என்று கேட்டால் தூங்கப் பயம் என்பானாம். விமானத்திலிருந்து குதிக்கிறவன். என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் போனை வைத்தான்.

வியாழக்கிழமை ராணுவ ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள், எங்கள் குடும்பத்தில் அந்தத் தசைதான் பிரச்சினை. கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். எதற்கு எடுத்துவந்தேன் என்று என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து மயக்க டாக்டர் வெளியே வந்தார். சின்ன வயதுப் பெண். முதுகில் இரண்டு முறை ஊசி போட்டும் சரியாகப் பிடிக்கவில்லை, பதற்றம் தணிய மருந்து கொடுத்ததில் தம்பி அரைத் தூக்கத்தில் இருக்கிறான், இனி முழு மயக்கம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஒரு கை அதற்குள் கதவைத் தள்ளத் தொடங்கியிருந்தது.

எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அவனுடைய பதவி. ஒரு நொடிதான் யோசித்தேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஆசை. கதவு பாதி திறக்கும் வரை யோசித்தேன்.

"டாக்டர், அந்த வாயுவைக் குடுக்காதீங்க," என்று கடிதத்தை நீட்டினேன்.

படிக்கப் படிக்க அவர் முகம் வெளுத்தது. என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். நரம்பில் ஏற்றுகிற வேறு மருந்து ஒன்று உள்ளே அலமாரியிலேயே இருந்ததாம். அதை ஏற்றி ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்தார்கள். முழங்கால் பிரமாதமாக வந்திருக்கிறது என்றார்கள். எனக்கும் அந்த மருந்தே போதுமே என்று தோன்றியது. ஆனால் அலமாரியைத் தூக்கிக்கொண்டு போருக்குப் போக முடியாதல்லவா?

நடந்ததை அறிக்கையில் எழுதுவது டாக்டரின் கடமை. எழுதினார். இந்த முறை ஒரு அடி முன்னால் வா என்றுகூட யாரும் சொல்லவில்லை, தம்பியின் இரத்தத்தை நேரே எடுத்துப்போனார்கள். இருந்தது. அதே மூன்று டாக்டர்கள், அதே வாக்கியங்கள். வீட்டுக்கு அனுப்பும் கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி அடித்திருந்தார்கள்.

நாலு மாதம் அவன் என் போனை எடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே அவன் வீட்டுக்குப் போனேன். வாசல் படியில் உட்கார்ந்திருந்தான். உள்ளே வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"அந்த வாயுவைக் குடுத்திருந்தா செத்திருப்பேனாண்ணா?"

"செத்திருக்கலாம்."

"இப்ப உயிரோட இருக்கேன். உனக்குச் சந்தோஷமா?"

கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. எனக்குத் தெரிந்த குத்தல் பேச்சு எதுவும் அந்த நேரத்துக்கு வாயில் வரவில்லை.

"ரொம்ப சந்தோஷம்டா," என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். எழுந்து, கொஞ்சமும் நொண்டாமல் நடந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.