பதினாறாவது பெயர்

முதல் இரண்டு ஆட்டங்களை மதுரை அணி ஜெயித்தது. அடுத்த நான்கையும் வரிசையாகத் தோற்றது. ஆசியப் பெண்கள் கிளப் ஹேண்ட்பால் லீக்கில் ஓர் அணிக்கு மொத்தமே எட்டு ஆட்டம்தான். தோற்பது முனீஸ்வரிக்குப் புதிதில்லை. தோற்ற விதம்தான் அவளுக்கு இடித்தது.

யார் எறியப்போகிறாள் என்பதைப் பேருந்து நிறுத்தத்தின் பெயரால் சொல்லிக்கொள்வது அவர்கள் வழக்கம். கேப்டன் முனீஸ்வரி "ஆரப்பாளையம்" என்று கத்தினால் அவளே எறிவாள். "கோரிப்பாளையம்" என்றால் இடப்பக்கம் நிற்கும் நுஸைபா. தாஷ்கண்ட்காரிக்கு ஆரப்பாளையத்தை எப்படித் தெரியும்? ஆனால் தெரிந்திருந்தது. முனீஸ்வரி எறிய எழும்பும் முன்பே எதிரணிக் கோலி முன்னால் வந்து அடைத்து நின்றாள். எறிவதுபோலப் போக்குக் காட்டிப் பந்தை வேறொருத்திக்குத் தள்ளினால், கோலி அசையவே இல்லை. பெயர்களை மாற்றிப் பார்த்தார்கள். பெரியார் நிலையம் என்றார்கள், தெப்பக்குளம் என்றார்கள். அதுவும் பலிக்கவில்லை.

ஆறாவது ஆட்டத்தில் முனீஸ்வரி பதினொரு முறை எறிந்தாள். ஒரு கோல். நுஸைபா ஏழு முறை எறிந்தாள். ஆறு கோல்.

எல்லாரையும் தடுக்கிறவர்கள் இவளை மட்டும் ஏன் விடுகிறார்கள்?

யோசிக்க யோசிக்க ஒவ்வொன்றாக மேலே வந்தது. மூன்றாவது ஆட்டம் தாஷ்கண்டில். மறுநாள் காலை விடுதி வராந்தாவில் அந்த ஊர்க் கோலியும் நுஸைபாவும் செல்போனில் மொழிபெயர்த்துப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கோலி ஒரு சின்ன வட்ட டப்பாவை எடுத்து நுஸைபாவின் கையில் வைத்தாள். முனீஸ்வரியைப் பார்த்ததும் டப்பா பைக்குள் போனது.

"என்னடி அது?"

"சும்மாக்கா. மொகத்துக்குப் போடுற க்ரீமு."

நுஸைபா முகத்துக்குப் பவுடர்கூடப் போடுகிறவள் இல்லை. அதற்குப் பிறகு பயிற்சி முடிந்து எல்லாரும் கிளம்பினாலும் அவள் மட்டும் பத்து நிமிடம் பின்தங்கினாள். பையை யாரையும் தொடவிடவில்லை. காய்ச்சலில் கிடந்து அவள் வராத முதல் ஆட்டத்தில்தானே அணி பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தது? முனீஸ்வரிக்கு இப்போது அதுவும் ஒரு சாட்சியாகத் தெரிந்தது.

பெயர்களை எதிரணிக்குச் சொல்லிக்கொடுப்பது நுஸைபாதான் என்று, கே.கே. நகர் உள்ளரங்கத்துக்கு எதிரே டீக்கடையில் வைத்துக் கோச்சிடம் சொன்னாள். அழகுபாண்டி கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"கோலு போட்டதுக்காக ஒருத்திய நிப்பாட்டுன மொத கோச்சு நானாத்தான் இருப்பேன்."

"கிண்டல் பண்ணாதீங்கண்ணே. ஒரு ஆட்டம் அவ இல்லாம ஆடிப் பாப்போம். தெரிஞ்சுரும்ல?"

"அந்தப் புள்ளைக்குக் கணக்கு ஒதைக்குமேம்மா."

கணக்கு முனீஸ்வரிக்கும் தெரியும். எட்டில் ஆறு ஆட்டங்களின் பட்டியலில் பெயர் இருந்தால்தான் லீக் சான்றிதழ். நுஸைபாவுக்கு ஐந்து ஆகியிருந்தது. ரயில்வே வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பித்திருந்தாள். சான்றிதழ் வைத்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை.

"இன்னும் ரெண்டு ஆட்டம் கெடக்குல்லண்ணே. ஒண்ணுல உக்காரட்டும்."

ஏழாவது ஆட்டத்துக்கான பதினாறு பெயர்களில் நுஸைபா இல்லை. அவள் இடத்தில் ஒச்சம்மாள் இருந்தாள். அரங்கக் கதவில் ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டு நுஸைபா நேரே முனீஸ்வரியிடம் வந்தாள்.

"ஏன்க்கா?"

"கோச்சக் கேளு."

"கோச்சு ஒங்களக் கேக்கச் சொல்றாரு."

முனீஸ்வரி ஷூ நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

குவைத் அணியோடு அந்த ஆட்டம். நுஸைபா தன் அம்மா ஜெயினம்புவுடன் கேலரியில் உட்கார்ந்து பார்த்தாள். குவைத் கோலியும் முன்னால் வந்து நின்று தடுத்தாள். அதே கதை. ஐந்து கோல் வித்தியாசத்தில் தோல்வி. ஆட்டத்தின் நடுவே நுஸைபா துப்பட்டாவை இரண்டு முறை சரிசெய்ததை முனீஸ்வரி பார்த்தாள். கேலரியிலிருந்து சைகை காட்டுகிறாள் என்று முடிவுகட்டினாள். மூன்றாவது முறையும் துப்பட்டா நகர்ந்ததா என்று பார்க்கப்போய் ஒரு பந்தைக் கோட்டைவிட்டாள்.

மறுநாள் காலை, அணியின் ஆட்டங்களைப் படமெடுக்கும் சூரியபிரகாஷின் அறைக்குப் போனாள்.

"கேலரி தெரியுற மாதிரி ஏதாச்சும் இருக்கா தம்பி?"

"கேலரிய எதுக்குக்கா எடுக்கப்போறேன்? அங்க இருந்ததே நாப்பது பேரு. அதுல பத்துப் பேரு சுண்டலு விக்க வந்தவய்ங்க."

"சரி, ஆட்டத்தையாச்சும் போடு. நான் எறியுறத மட்டும்."

அவன் ஒவ்வொன்றாக வெட்டி, வேகத்தைக் குறைத்து ஓடவிட்டான். முனீஸ்வரி திரையின் ஓரத்தில் கேலரி தட்டுப்படுகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாவது எறி வந்தபோது தற்செயலாக நடுவில் கண் போனது.

"நிறுத்து. பின்னால போ."

பந்து கைக்கு வருவதற்குச் சற்று முன் அவள் குனிந்தாள். வலது கை விரல்கள் தரையைத் தடவி மேலே வந்தன. பந்தைப் பிடித்தாள், எழும்பினாள், எறிந்தாள். கோலி, விரல் தரையைத் தொட்டபோதே நகர ஆரம்பித்திருந்தாள்.

"அடுத்தது."

அடுத்ததிலும் அதே. போக்குக் காட்டிய இடங்களைப் போடச் சொன்னாள். அவற்றில் அவள் குனியவே இல்லை.

அந்த அணியில் பெரும்பாலானவர்கள் சமயநல்லூர் பள்ளி மைதானத்தில் கற்றவர்கள். முழுக்கச் செம்மண். வியர்த்த கையில் பந்து வழுக்கும் என்பதால், எறியப்போகிறவள் குனிந்து ஒரு சிட்டிகை மண்ணைத் தேய்த்துக்கொள்வாள். பந்தைத் தள்ளிவிடுவதற்கு மண் தேவையில்லை, எறிவதற்குத்தான் தேவை. அங்கே எல்லாருமே அப்படி ஆடியதால் யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. இப்போது ஆடுவது மரத்தளத்தில். எடுக்க மண் இல்லை, கை மட்டும் போய்க்கொண்டிருந்தது. லீக்கோ எல்லா ஆட்டத்தையும் இணையத்தில் போட்டுவிடுகிறது. முதல் இரண்டு ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்கு ஆரப்பாளையம் எங்கிருந்தால் என்ன?

"நுஸைபா எறியுறதப் போடு."

தாஷ்கண்ட் வரை அவளும் தரையைத் தொட்டாள். அதற்குப் பிறகு தொடவில்லை. கை ஷூவின் பின்பக்கம் போய்வந்தது, எறிந்தாலும் எறியாவிட்டாலும், ஓயாமல்.

"என்ன பண்றா இவ?"

"பசைக்கா. பந்து கையில ஒட்டுறதுக்கு. வெளிநாட்டுக்காரிக எல்லாம் டப்பாவுல வச்சிருப்பாளுக, ஷூவுல அப்பிக்கிட்டுத் தொட்டுத் தொட்டு ஆடுவாளுக. நம்ம அரங்கத்துல வாட்ச்மேன் பாத்தா வெளிய தள்ளிருவாரு. தரையெல்லாம் பிசுபிசுன்னு ஆயிருதாம்."

முனீஸ்வரி தன் எறியை மறுபடி போடச் சொல்லி, பாதியில் நிறுத்தினாள். அதில் அவளே குனிந்திருந்தாள்.

கடைசி ஆட்டம் சனிக்கிழமை. பட்டியலை இந்த வியாழக்கிழமையே மாலை ஐந்துக்குள் பதிவேற்ற வேண்டும். மணி மூன்றுக்கு அழகுபாண்டி முன் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னாள்.

"பதினாறும் எழுதிட்டேனேம்மா," என்றார் அவர். "ஒச்சம்மா இதுல ஆடுனாத்தான் அவளுக்கு ஆறு. அவள எடுத்தா அதுவும் பாவம். மத்தவள்ல யார எடுக்கச் சொல்ற?"

"என்னைய எடுங்கண்ணே. எனக்கு ஏழு இருக்கு, வாத்தியார் வேலையும் இருக்கு."

"கேப்டனா?"

"ரெண்டு நாளுல என் கை திருந்தாது. மத்தவளுகளயாச்சும் பழக்குங்க."

அவர் பேனாவை மூடி மூடித் திறந்தார். பிறகு அடித்து எழுதினார்.

நுஸைபாவின் வீடு காஜிமார் தெருவுக்குள் ஒரு சந்தில். ஜெயினம்பு கதவைத் திறந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை. நுஸைபா வந்து வாசலில் நின்றாள். முனீஸ்வரி பட்டியலின் நகலை நீட்டினாள். நுஸைபா விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தாள். பதினாறாவது பெயர் அவளுடையது. விரல் மறுபடி மேலே போனது.

"ஒங்க பேரக் காணோம்."

முனீஸ்வரி சொன்னாள். தாஷ்கண்ட் வராந்தா, டப்பா, ஆறு கோல், துப்பட்டா, கடைசியில் தன் கை. எதையும் விடவில்லை.

"டப்பாவ நான் யாருகிட்டயும் காட்டாதது, பின்னால நின்னு பசையத் தொடச்சது எல்லாம் வாட்ச்மேனுக்குப் பயந்து," என்றாள் நுஸைபா. "நீங்க என்னைய வேவு பாத்தது யாருக்குப் பயந்துக்கா?"

"தப்புத்தான். அதுக்குத்தான் நான் வெலகிட்டேன்."

"எதுக்கு? சனிக்கிழம தோத்தா, கேப்டன் இல்ல, இவதான் இருந்தா, அதான் டீம் தோத்துச்சுன்னு சொல்லவா?"

"சத்தியமா அப்பிடி நெனைக்கல நுஸைபா."

"நீங்க நெனைக்கிறது எனக்கு எப்பிடித் தெரியும்? பேப்பரு யாரு வேணா எழுதலாம். கோச்சுக்கு போன் போடுங்க. ஸ்பீக்கர்ல."

முனீஸ்வரி போட்டாள். நுஸைபா குனிந்து பேசினாள்.

"சார், நீங்க ஏத்துன பட்டியல ஒருக்கா படிங்க."

"எதும்மா? பதினாறையுமா?"

"பதினாறையும்."

அழகுபாண்டி முனகிக்கொண்டே படிக்கத் தொடங்கினார். நுஸைபா தாளை இடது கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பெயருக்கும் விரலை ஒரு வரி இறக்கினாள். தன் பெயர் வந்ததும் விரலை எடுத்தாள். தாளை நாலாக மடித்துத் தன்னிடமே வைத்துக்கொண்டாள்.

"சனிக்கிழம எத்தன மணிக்கு வரணும் சார்?" என்று போனைப் பார்த்துக் கேட்டாள்.