ஒரு கட்டில் போதும்

அவள் மருத்துவமனையில் டயாலிசிஸ் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவள். அவள் கணவன் ஒரு நாளிதழ் அச்சகத்தில் இரவு வேலை பார்ப்பவன். கல்யாணமான நாளிலிருந்து, காலையில் அவள் கிளம்பும்போது அவன் வாசலில் செருப்பைக் கழற்றுவான். மாலையில் அவள் பையை இறக்கிவைக்கும்போது அவன் சட்டையை மாட்டிக்கொண்டிருப்பான். கேஸ் தீர்ந்துவிட்டது, குழாய் ஒழுகுகிறது, உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்கு யார் போவது எல்லாம் அந்த வாசற்படியிலேயே பேசி முடிந்துவிடும். அவள் எழுந்துபோன கட்டிலில் அவன் வந்து படுப்பான். வார விடுமுறை இருவருக்கும் ஒரே நாளில் வராது; அவனோ விடுமுறை இரவிலும் விழித்தே இருப்பான். சண்டை போடுவதற்குக்கூட அவர்களுக்கு நேரம் வாய்த்ததில்லை.

மருத்துவமனை அவளை மூன்று மாதப் பயிற்சிக்கு வேறொரு ஊருக்கு அனுப்பியது. காலையில் பட்டறையில் வேலை, மதியத்துக்கு மேல் வகுப்பு. அதே சமயம் பார்த்து அச்சகத்தில் பழைய இயந்திரத்தைக் கழற்றிப் புதிதாகப் பொருத்த ஆரம்பித்தார்கள். அவனுக்கு நீண்ட விடுமுறை.

"நானும் வரட்டுமா?" என்று வாசலில் நின்று கேட்டான்.

அவள் "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். அன்று முழுக்க அவளுக்கு ஒரு திருகாணிகூட ஒழுங்காகக் கையில் நிற்கவில்லை.

செய்தி தெரிந்ததும் நாத்தனார் போன் செய்து சிரித்தாள். "பார்த்து இருந்துக்கோங்க அண்ணி. ராத்திரி நேரத்துல எங்க அண்ணன் எப்படி இருப்பான்னு எங்களுக்கே மறந்துபோச்சு."

அவளும் கூடவே சிரித்தாள். ஆனால் போனை வைத்ததும் யோசனை வந்தது. வந்து சில நாளிலேயே சலித்துப்போய் அவன் திரும்பப் பஸ் ஏறிவிட்டால்? தாங்கள் வாசற்படி அளவுக்குத்தான் கணவன் மனைவி என்பது அதோடு உறுதியாகிவிடுமே. இதை யாரிடம் சொல்வது? சொல்ல முடியாத பயத்தையெல்லாம் தங்கும் இடத்தின் மேல் இறக்கிவைத்தாள். இடம் சரியாக அமைந்துவிட்டால் மற்றதெல்லாம் சரியாகிவிடும்.

அறிமுக வகுப்புக்குத் தனியாகப் போன அன்றே இடம் தேடினாள். பயிற்சி நிலைய விடுதியில் அவளுக்கு இடம் உண்டு, அவனுக்குக் கிடையாது. "வீட்டுக்காரரை ஞாயித்துக்கிழமை பார்வையாளர் அறையில வச்சுப் பார்த்துக்கலாம்மா," என்றார் காப்பாளர், நோயாளியைப் பற்றிச் சொல்வதுபோல. அடுத்து, கடைசிப் பஸ் நிறுத்தத்துக்கு அருகே ஒரு வீட்டின் பின்கட்டு. இரண்டு அறை, நாலு பக்கமும் சன்னல், உள்ளே வெயில் கொட்டியது. மூன்றாவது, நிலையத்துக்குப் பின்சந்தில் ஒரு மாடி அறை. அங்கிருந்து அவனுக்குப் போன் செய்து மூன்று இடத்தையும் பற்றிச் சொன்னாள். அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பகல்ல இருட்டா இருக்குமா?"

திரையை இழுத்துவிட்டுக் கையை நீட்டிப் பார்த்தாள். விரல் தெரியவில்லை. சந்தில் வண்டிச் சத்தம் உண்டா என்று சன்னலில் காதை வைத்துக் கேட்டாள். தாழ்ப்பாள் ஓசையில்லாமல் விழுகிறதா என்று பலமுறை போட்டுப் பார்த்தாள். இன்னொரு கட்டில் போடணுமா என்று வீட்டுக்காரம்மா கேட்டபோது, "வேண்டாங்க, ஒண்ணு போதும்," என்றாள். வீட்டுக்காரம்மா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். ஏன் அப்படிப் பார்த்தாள் என்று அவளுக்கு விளங்கவில்லை.

இருவரும் பெட்டியோடு வந்து இறங்கிய மாலையில்தான் விளங்கியது. அறையில் இருந்த ஒரே நாற்காலியில் அவன் உட்கார்ந்தான். அவள் உட்கார இடம் தேடிக் கட்டிலுக்குப் போனாள். ஆஸ்பத்திரிப் பெஞ்சைவிடக் கொஞ்சம் அகலம், அவ்வளவுதான். இருவரும் அதையே பார்த்தார்கள்.

"இதுல யாரு படுக்கிறது?" என்றான்.

ஒருவர் எழுந்தபின் ஒருவர் படுத்தே பழகியதில், இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தூக்கம் வரும் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை. அவனுக்கும் வரவில்லை. கீழே போய்க் கேட்டாள். மிச்சமிருந்த கட்டில் வேறு ஆளுக்குப் போய்விட்டதாம். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தப்பான அறையைப் பிடித்துவிட்டோம் என்பது மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அவன் தரையில் பாய் விரித்துக்கொண்டான். இரவெல்லாம் அவன் விழித்திருப்பது அவளுக்குத் தெரியும். அவள் விழித்திருப்பது அவனுக்கும் தெரிந்திருக்கும். மற்றவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று இருவரும் அசையாமல் கிடந்தார்கள். பகலில் அந்த இருட்டில் அவன் தூங்கி எழுந்தான். பட்டறையில் அவளுக்குக் கண் சொக்கியது. ஒரு குழாயை மாற்றி மாட்டிவிட்டாள்.

"நல்லவேளை, இதுக்குப் பக்கத்துல நோயாளி யாரும் படுத்திருக்கலை," என்றார் பயிற்சியாளர்.

அந்த வார இறுதியில் அவள் வந்தபோது அவன் தலை சீவித் தயாராக நின்றான். முகம் தெளிந்திருந்தது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு அச்சகத்தில் இரவுக்கு ஆள் கேட்கிறார்களாம்.

"நாளையிலேர்ந்து வரச் சொல்றாங்க. ராத்திரி கட்டில் உனக்கு, பகல்ல எனக்கு. பழையபடி ஆயிடும். நீயும் நிம்மதியாத் தூங்கலாம்."

சட்டென்று அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடாவே அவளைத் திடுக்கிட வைத்தது. கையிலிருந்த பையைக்கூட இறக்காமல் நின்றாள்.

"ராத்திரி வேலைக்குப் போகவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"பின்ன என்ன பண்ணச் சொல்றே? இந்த ரூமுக்கு அதுதான் சரிப்பட்டு வரும்."

"ரூமை மாத்துவோம்."

"எது, அந்த வெயில் வீடா? அங்க நான் எப்படித் தூங்கறது?"

"ராத்திரி தூங்குங்க."

"வரலைன்னா?"

"வரலைன்னா எழுப்புங்க. பேசிட்டிருப்போம்."

சொல்லிவிட்டாளே ஒழிய, என்ன பேசுவது என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் குனிந்து பாயைச் சுருட்டினான்.

வீட்டுக்காரம்மாவின் முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டு, மறுநாளே பெட்டியோடு பஸ் ஏறினார்கள். நல்லவேளை, பின்கட்டு இன்னும் காலியாகத்தான் இருந்தது. இரண்டு கட்டில், இரண்டு நாற்காலி. சாமான்களை எடுத்துவைத்ததும் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். குழாயில் தண்ணீர் வருகிறது, ஒழுகவில்லை என்று சொல்லிக்கொண்டார்கள். பால் எங்கே வாங்குவது என்று பேசினார்கள். வாசற்படிப் பேச்சு அதோடு தீர்ந்துபோனது. அவள் விரல்களைப் பின்னுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். இவ்வளவுதானா? காலையில் முதல் பஸ்ஸைத் தவறவிட்டால் பயிற்சியாளரிடம் என்ன சொல்வது? இவன் இப்போது எதை யோசித்துக்கொண்டிருக்கிறான்?

"அந்த மெஷின்ல ரத்தம் எந்தப் பக்கமா உள்ள போகும்?" என்றான்.

இத்தனை வருஷத்தில் அவன் இதைக் கேட்டதில்லை. அவள் கையை நீட்டி, இது நோயாளியின் கை என்று தொடங்கினாள். குழாய், பம்ப், வடிகட்டி என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். வேகமாகப் போகிறோமோ என்று நிறுத்தினாள். மெதுவாகச் சொன்னால் சலித்துவிடுமோ என்று மறுபடி வேகம் எடுத்தாள். அவள் வடிகட்டியை விளக்கிக்கொண்டிருக்கும்போது அவன் வாயைப் பிளந்து பெரிதாகக் கொட்டாவி விட்டான்.

அவளுக்குப் பகீரென்றது. நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, ஏதோ தப்புச் செய்தவன்போலச் சன்னலைப் பார்த்தான். வெளியே தெருவிளக்கு அப்போதுதான் எரிய ஆரம்பித்திருந்தது.

"ராத்திரியில தூக்கம் வருதுடி," என்றான், தானே நம்பாதவனாக.