பக்கத்து வீட்டு வாழை

ஜூன் பிறந்த பிறகும் ஸ்வெட்டரைக் கழற்ற மனம் வராத ஊர், அமெரிக்காவின் வடகோடியில் இருக்கும் டுலூத். பெரிய ஏரியிலிருந்து காற்று ஒரு தடவை திரும்பி வீசினால் போதும், வாசலில் வைத்த காபி வாய்க்குப் போவதற்குள் ஆறிவிடும். அந்த ஊரில், அதுவும் தன் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே, ஒருத்தி வாழைக்கன்று நடுகிறாள் என்றால் ஆர்லிஸ் சிரிக்காமல் என்ன செய்வாள்?

சிரிக்கத்தான் செய்தாள். அந்த வெள்ளிக்கிழமை வழக்கம்போல் சீட்டாட வந்த லவோனையும் ஜன்னலுக்கு இழுத்துவந்து காட்டினாள்.

"பாத்தியாடி கூத்த? அங்க மூலையில இன்னும் பனிக்கட்டி கூட உருகல. இவ வாழை வைக்கிறா."

"வாழையா அது? நான் ஏதோ வெங்காயத்தாள்னு நினைச்சேன்," என்றாள் லவோன். இருவரும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

வாழை வைத்தவள் காண்டஸ். துறைமுகத்தில் வேலை கிடைத்து, போன இலையுதிர் காலத்தில் சான் டியேகோவிலிருந்து வந்து இறங்கியவள். ஒரு குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் அடைந்து கிடந்தாள். இனி ஒரு குளிர்காலத்தைத் தாங்க வேண்டுமென்றால் கொல்லைப்புறத்தில் ஒரு தென்கடல் தீவாவது இருந்தாக வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டாள் போல. டீக்கித் தோட்டம் என்று அதற்குப் பெயர் சொன்னாள். வேலி நெடுக மூங்கில் தட்டி, பல்லை இளிக்கும் இரண்டு மர முகங்கள், எண்ணெய்ப் பந்தங்கள், தேங்காய்ச் சிரட்டைக் கோப்பைகள் என்று ஒவ்வொன்றாக வந்து இறங்கின. மது ஊற்றிக் கொடுக்க ஒரு கூரைக் குடில்தான் பாக்கி.

அதைக் கொடுத்த மகராசன் வேறு யாருமில்லை, ஆர்லிஸின் கணவன் லைல்தான்.

லைலுக்கு ஒரு மீன்பிடிக் குடில் உண்டு. குளிர்காலத்தில் உறைந்த ஏரிமேல் இழுத்துப் போய் வைத்து, பனித்தரையில் ஓட்டை போட்டுத் தூண்டிலோடு உட்காருகிற மரப்பெட்டி. கோடையில் அது கொல்லையில் சும்மா கிடக்கும். காண்டஸ் அதை வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "என்ன அழகா இருக்கு!" என்றாள். லைல் மரியாதைக்கு, "சும்மாதான் கிடக்கு, வேணும்னா எடுத்துக்குங்க," என்றான். "அப்படியா? ரொம்ப தேங்க்ஸ்!" என்று அவள் மதியத்துக்குள் ஆள் வைத்து இழுத்துப்போய்விட்டாள். சாயங்காலம் அதற்கு வைக்கோல் பாவாடை கட்டியாகிவிட்டது.

"ஏன் லைல், உனக்குப் புத்தி கித்தி இருக்கா?"

"நான் என்ன பண்ண? வேண்டாம்னு சொல்லுவாங்கன்னு நினைச்சேன். யாராவது முதல் தடவையே சரின்னு சொல்லுவாங்களா?"

அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அந்த ஊரில் யார் எதைக் கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டாம் தடவையும் வேண்டாம்தான். மூன்றாம் தடவையும் கேட்டால், "நீங்க இவ்வளவு சொல்றதால..." என்று வாங்கிக்கொள்ளலாம். இதை யாரும் எழுதிவைக்கவில்லை. பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். காண்டஸுக்கு மட்டும் தெரியவில்லை.

அந்த வினை ஆர்லிஸின் தலையிலும் வந்து விடிந்தது. ஜூன் மாதத்தில் ஒரு நாள் காண்டஸ் வேலியருகே வந்து, "வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்க தோட்டத்துக்கு வாங்களேன், ஆர்லிஸ்," என்றாள்.

ஆர்லிஸுக்கு உள்ளூர ஆசைதான். அந்தப் பந்தங்கள் எரிந்தால் எப்படியிருக்கும் என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. "ஐயோ, எதுக்கு உங்களுக்குச் சிரமம்? உங்களுக்கு வேற ஆளுங்க நிறைய இருப்பாங்க," என்றாள்.

"சரி, பரவாயில்ல!" என்று கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள் காண்டஸ்.

ஆர்லிஸ் வாயைப் பிளந்தபடி நின்றாள். மறுநாள் மறுபடி கேட்பாள் என்று நினைத்து ஏலக்காய் ரொட்டி கூடச் சுட்டு வைத்தாள். புதன் போயிற்று, வியாழன் போயிற்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சீட்டுக்கட்டை எடுத்து மேசையில் வைத்துவிட்டு லவோனுக்காகக் காத்திருந்தபோது, லவோனின் கார் இவள் வாசலைத் தாண்டிப் போய்க் காண்டஸ் வீட்டு வாசலில் நின்றது.

"உன்னையும் கூப்பிட்டாளா?" என்று மறுநாள் ஃபோனில் கேட்டாள் ஆர்லிஸ்.

"ஆமாண்டி. கடையில பாத்தா, வாங்கன்னா. சரின்னேன்."

"எத்தனை தடவை கூப்பிட்டா?"

"ஒரு தடவைதான்."

"ஒரு தடவையிலயே சரின்னுட்டியா?"

"எழுபது வயசு ஆகப் போகுது, ஆர்லிஸ். இன்னும் மூணு தடவை கேக்கட்டும்னு உக்காந்திருக்க எனக்குப் பொறுமை இல்ல," என்றாள் லவோன்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமைகள் காண்டஸுடையவை ஆயின. பாதித் தெரு அங்கே கூடியது. மூன்றாவது வாரம் லைலே, "என் குடில் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வந்துடறேன்," என்று நழுவிப் போய், கழுத்தில் காகிதப் பூமாலையோடு திரும்பி வந்தான். ஆர்லிஸ் அவனோடு இரண்டு நாள் பேசவில்லை. நாமும் போனால் என்ன என்று தோன்றாமலில்லை. ஆனால் மறுபடி கூப்பிடாத வீட்டுக்குப் போவதற்கு அவள் என்ன மானம் கெட்டவளா?

ஜன்னலைச் சாத்தினாலும் சத்தம் வந்தது. பாட்டைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். அவளால் பொறுக்க முடியாதது லவோனின் சிரிப்புதான். லவோனின் கணவன் இறந்து இரண்டு வருஷமாகிறது. அந்த இரண்டு வருஷமும் ஆர்லிஸ்தான் அவளுக்குச் சூப் கொண்டுபோனாள், வாசலில் பனி தள்ள லைலை அனுப்பினாள், வெள்ளிக்கிழமை தவறாமல் சீட்டுப் போட்டாள். அப்போதெல்லாம் லவோன் சிரித்தாள், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் இந்தச் சிரிப்பு வேறு. தலையைப் பின்னால் சாய்த்து, மூச்சு முட்ட, பழைய நாளில் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. அது என் வீட்டில் வரவில்லையே, இந்த வைக்கோல் பந்தலில் வந்துவிட்டதே என்று ஆர்லிஸுக்கு வயிறு எரிந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டே ஒரு நாள் அழுதும்விட்டாள். லைல் கேட்டதற்கு வெங்காயம் என்றாள். அன்றைக்கு வீட்டில் வெங்காயமே நறுக்கவில்லை.

வாழையும் சும்மா இருக்கவில்லை. ஜூலையில் இடுப்பளவு, ஆகஸ்டில் ஆள் உயரம். செப்டம்பரில் இலை வேலியைத் தாண்டி இவள் பக்கம் எட்டிப் பார்த்தது. தெருவில் போகிறவர்கள் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஆர்லிஸின் தக்காளிச் செடிகளை ஒருவரும் எடுக்கவில்லை.

செப்டம்பர் பாதியில் ஒரு திங்கட்கிழமை, அன்றிரவு உறைபனி விழும் என்று டிவியில் சொன்னார்கள். மத்தியானத்துக்கு மேல் தெரு முழுக்கப் பழைய படுக்கை விரிப்புகளைத் தூக்கிக்கொண்டு செடிகளுக்குப் போர்த்தக் கிளம்பிவிட்டது. வருஷா வருஷம் நடப்பதுதான். துணி போர்த்தினால் செடி பிழைக்கும். பிளாஸ்டிக் போட்டால், அது தொட்ட இடமெல்லாம் காலையில் கருகிவிடும். ஆர்லிஸும் கைநிறைய விரிப்புகளோடு தக்காளிப் பாத்திக்கு வந்தாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் காண்டஸ் ஏணிமேல் நின்று, பிளாஸ்டிக் தாளை வாழைக்குச் சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆர்லிஸ், நல்லவேளை வந்தீங்க! இது போதுமா? எனக்கு இதெல்லாம் பழக்கமே இல்ல."

சொல்ல வேண்டிய வார்த்தை ஆர்லிஸின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கையிலிருந்த விரிப்புகளில் நாலை வேலிக்கு மேலாக எறிந்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். அதற்குள் காண்டஸே மேலே பேசினாள்.

"இந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் இது தாங்கினா போதும். லவோனுக்கு எழுபதாவது பிறந்தநாள் இல்லையா? இந்த வாழைக்குக் கீழதான் கேக் வெட்டணும்னு ஆசைப்படறாங்க."

லவோனின் பிறந்தநாள் கேக்கை முப்பத்தொரு வருஷமாகச் சுட்டது ஆர்லிஸ். அது வெட்டப்பட்டதும் ஆர்லிஸின் மேசையில்தான். இந்த வருஷக் கேக்குக்கு எலுமிச்சம்பழம்கூட வாங்கி வைத்தாகிவிட்டது.

"உங்களுக்குத் தெரியாததா?" என்றாள் ஆர்லிஸ். "நல்லாத்தானே மூடியிருக்கீங்க."

"அப்பாடா! நீங்க சொன்னா சரி," என்றாள் காண்டஸ், ஏணியிலிருந்து இறங்கியபடி.

ஆர்லிஸ் குனிந்து தன் தக்காளிக்கு ஒவ்வொரு விரிப்பாகப் போர்த்தினாள். வேலிப் பக்கம் திரும்பவில்லை.

காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது வாழை கறுத்து, வேகவைத்த கீரையாகத் தொங்கியது. முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைத்து என்ன பயன்? ஒரு வாய் காபி குடித்து முடிப்பதற்குள் அந்தச் சந்தோஷம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது. காண்டஸ் நின்றிருந்தாள்.

"வாழை போச்சு, ஆர்லிஸ்," என்றாள். அழுதிருக்கிறாள் என்று கண் சொன்னது. ஆனாலும் சிரித்தாள். "போனா போகட்டும். வெள்ளிக்கிழமை பிறந்தநாளுக்கு நீங்க வரணும்."

"ஐயோ, நான் எதுக்கு? இருக்கற கஷ்டத்துல..."

"வரணும், ஆர்லிஸ்."

"இல்ல, உங்களுக்கு ஏற்கெனவே ஏகப்பட்ட வேலை."

காண்டஸ் மூன்றாவது விரலை மடக்கினாள். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி இருந்தது அவள் முகம். "கண்டிப்பா வரணும். மூணாச்சு! லவோன்தான் சொல்லிக்கொடுத்தாங்க. ஜூன்லயே நான் தப்பு பண்ணிட்டேனாம். நீங்க வரணும்னு ஆசைப்பட்டீங்களாம், எனக்குத்தான் கேக்கத் தெரியலையாம். நேத்தே கேக்க நினைச்சேன், அந்த அவசரத்துல விட்டுப்போச்சு. மன்னிச்சுக்குங்க."

"வரேன்," என்றாள் ஆர்லிஸ். வேறென்ன சொல்ல முடியும்?

அன்று மத்தியானம் லவோன் வந்தாள். நாற்பது வருஷமாக அந்தக் கதவைத் தட்டாமல் திறந்து வருகிறவள், அன்று தட்டினாள். உள்ளே வந்தும் உட்காரவில்லை.

"காண்டஸ் உன்கிட்டக் கேட்டாளாமே. பிளாஸ்டிக் போதுமான்னு."

"எனக்கு அங்கிருந்து சரியாத் தெரியல, லவோன். இருட்டிட்டு வந்துச்சு."

"நல்லா மூடியிருக்கீங்கன்னு சொன்னியாம். உன்னைப் பத்திப் பெருமையாச் சொல்றா அந்தப் பொண்ணு. பனி ரொம்ப அதிகமா விழுந்துடுச்சாம், ஆர்லிஸ் என்ன பண்ணுவாங்கங்கறா." லவோன் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். தக்காளிப் பாத்தியில் வரிசையாகப் போர்த்திய பூப்போட்ட விரிப்புகள் இன்னும் எடுக்காமல் கிடந்தன. "கையில இதையெல்லாம் வச்சுக்கிட்டா சொன்ன?"

ஆர்லிஸ் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. "அதோட வேர் சாகாதுடி," என்றாள் கடைசியில். "கீழ இலைச்சருகு போட்டு மூடி வச்சா வசந்தத்துல மறுபடி..."

"வாழையைப் பத்தியா நான் பேசறேன்?"

"பொறாமைடி!" வெடித்துவிட்டது ஆர்லிஸுக்கு. "போதுமா? பொறாமை. நீ அங்க சிரிக்கற. இங்க உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கேன், மூணு மாசமா. நான் சூப் போட்டேன், நான் கேக் சுட்டேன், அவ என்ன பண்ணா? ரெண்டு பொம்மையை நட்டு வச்சா. என்னை விட்டுட்டு ஓடிட்டியே!"

லவோன் ஓர் அடி எடுத்து வைத்தாள். ஒரு கணம் பக்கத்தில் வந்துவிடுவாள் போலிருந்தது. "நான் எங்கேயும் ஓடல. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அங்க ஒரு நாற்காலி காலியா வச்சிருந்தேன். அவளுக்குக் கேக்கச் சொல்லிக்கொடுத்ததே நான்தான், நீ வரணும்னு. நேத்து காலையிலதான் உக்கார வச்சுச் சொன்னேன்."

நேற்று காலை. மத்தியானம் ஆர்லிஸ் விரிப்புகளை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போவதற்கு முன்.

"வெள்ளிக்கிழமை வந்துடு," என்றாள் லவோன். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை என்றிருந்தது. "காண்டஸ் கூப்பிட்டிருக்கா, வரலைன்னா அவ வருத்தப்படுவா. நான் அவகிட்ட ஒண்ணும் சொல்லப் போறதில்ல."

அவள் கதவுப் பக்கம் திரும்பினாள்.

"காபி குடிச்சிட்டுப் போ," என்றாள் ஆர்லிஸ்.

"வேண்டாம், ஆர்லிஸ்."

ஆர்லிஸுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. முதல் வேண்டாம் ஒரு கணக்கே இல்லை, வெறும் மரியாதை. அவசரமாகக் கோப்பையை எடுத்து வைத்தாள். "இப்பதான் போட்டது. சூடா இருக்கு."

"வேண்டாம். உனக்கு எதுக்குச் சிரமம்?"

அதுவும் ஊர் வழக்கம்தான். ஆர்லிஸ் கோப்பை நிறைய ஊற்றினாள். மேசைமேல் கொஞ்சம் சிந்தியதைக்கூடத் துடைக்கவில்லை. "லவோன், கெஞ்சிக் கேக்கறேன். ஒரு வாய் குடிச்சிட்டுப் போடி."

லவோன் ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். சிந்திய காபியையும் ஆர்லிஸின் முகத்தையும் பார்த்தாள்.

"வேண்டாம்," என்றாள்.

கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு படியிறங்கினாள். ஆர்லிஸ் கெட்டிலைக் கையில் பிடித்தபடி நின்றாள். ஓடிப்போய்க் கதவைத் திறந்து இன்னொரு தடவை கூப்பிடலாம். ஆனால் நாலாம் தடவை எப்படிக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த ஊரில் யாரும் யாரையும் அப்படிக் கேட்டதில்லை.