ஈரச் சாக்கு

மைன்ஸிலிருந்து தூக்கிவந்த பழுப்பு நிலக்கரிப் பாளத்தில்தான் வெள்ளைச்சாமி மகனின் முகத்தைச் செதுக்கினான். காய்ச்சலில் போன பிள்ளைக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. அந்தக் கரி காய்ந்தால் வெடித்து உதிர்ந்துவிடும். அதனால் எந்நேரமும் ஈரச் சாக்கு சுற்றியே வைத்திருந்தான். மனைவி நாகம்மாளுக்கும் காட்டவில்லை. கண்காட்சியில் பார்த்துக்கொள் என்றுவிட்டான். முந்தின வாரமே கண்காட்சி நடக்கவிருந்த டவுன்ஷிப் மன்றத்தில் கொண்டுபோய்க் கொடுத்தான். இந்த ஊரில் கரியைப் பற்றி யாருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒன்றும் சொல்லாமல் வந்தான்.

திறப்பன்று அவளோடு போனான். மெட்ராஸ்காரர்களின் எண்ணெய் ஓவியங்கள், பித்தளைக் கம்பியில் முறுக்கிய மாடு, சுட்ட மண்ணில் ஒரு பையனின் தலை. நாகம்மாள் மாட்டருகே நின்றுவிட்டாள். கடைசி மேசையில், அவன் பெயரெழுதிய அட்டைக்குப் பின்னால், கரும்பழுப்பாக ஒரு குவியல் கிடந்தது.

வாட்ச்மேன் ஓடிவந்தார். "தண்ணி சொட்டிக்கினே இருந்துதுங்க. அடுப்புக்கரிய காய வெக்கிற மாதிரி ரெண்டு நாளு வெயில்ல வெச்சேன். நல்லதுன்னுதாங்க..."

அவரை அறைந்து என்ன ஆகப்போகிறது?

"நம்ம புள்ள எதுங்க?" நாகம்மாள் வந்துவிட்டாள்.

குவியலை முதுகால் மறைத்துக்கொண்டு, யாரோ செய்த அந்தச் சுடுமண் தலையைக் காட்டினான்.

அவள் அதன் கன்னத்தைத் தடவினாள், நெற்றியைத் தடவினாள். அவன் பக்கம் திரும்பினாள்.

"இது அவன் இல்லீங்க. உங்களுக்கும் மறந்துபோச்சா?"