நசுங்காத எலுமிச்சம்பழம்

சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்க வேண்டும். வைப்பதே அதற்குத்தான். ஆனால் நஞ்சுண்டன் தன் போர்வெல் வண்டியைப் பூசை போட்டுக் கிளப்பிய அன்று, பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று, பழத்தைச் சரளைக் கற்களோடு பின்னால் வீசியடித்தது. அது போய் டாக்டர் நாகரத்தினத்தின் வெள்ளை வேட்டியில் பட்டது. அடுத்த நொடி வண்டிக்கடியில் மடேரென்று ஒரு சத்தம். கியர்பாக்ஸின் பற்கள் உதிர்ந்துவிட்டன.

ஹூஸ்டனுக்கு வெளியே ஒரு ஷெட்டில், 1996 கோடையில் நடந்தது இது. டெக்சாஸ் முழுக்க வறட்சி. போர்வெல்லுக்குப் பேர்போன திருச்செங்கோட்டுக்காரன் பூமி காய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பானா? நஞ்சுண்டனும் அவன் மனைவி நாகமணியும் 1950களில் செய்த ஒரு பூதாகரமான லாரியைப் பிடித்து, அதன் முதுகில் துளை போடும் ரிக்கை ஏற்றினார்கள். லாரியின் பெட்ரோல் இன்ஜின் இருமிக்கொண்டிருந்தது. கோயம்புத்தூரில் மெக்கானிகல் படித்த நாகமணி அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, மும்மடங்கு இழுவை உள்ள டீசல் இன்ஜின் ஒன்றைத் தேடிப் பிடித்துப் பொருத்தினாள். கியர்பாக்ஸ் மட்டும் பழையது.

முதல் கிணறு டாக்டருக்குத்தான். யாழ்ப்பாணத்துக்காரர். டெக்சாஸின் குன்றுப் பக்கம், ஒரு மேட்டின் உச்சியில் ஆசையாக வீடு கட்டினார். கிணறு வற்றிவிட்டது. பெரிய கம்பெனியைக் கூப்பிடாமல் இவர்களை நம்பியவர், அன்று வேட்டியைத் தட்டிக்கொண்டே வந்தார்.

“வேட்டியில பட்டதுக்கு நான் கோவிக்கேல்லைப் பிள்ளை. ஆனா உந்த வாகனம் என்ர மேட்டில ஏறுமோ?” என்று கேட்டார்.

நாகமணி ஏறும் என்றாள். சொல்லிவிட்டு வண்டிக்கடியில் புகுந்தாள்.

ஹில்கிராஃப்ட் தெருவின் இந்தியக் கடைகளுக்குள் செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? மளிகை வாங்கப் போன இடத்தில், பழம் பறந்தது அபசகுனம் என்றார்கள். அந்தப் பெண் தேர்ந்தெடுத்த இன்ஜின் ராசியில்லாதது என்றும் சொன்னார்கள். நாகமணிக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த முருங்கைக்காயை ஒடித்தே விட்டாள். நஞ்சுண்டன் சண்டை போடவில்லை. இன்னொரு தடவை கோளாறு வந்தால் ரிக்கை விற்றுவிட்டு, எல்லோரையும் போலக் கம்ப்யூட்டர் கிளாஸில் சேர்ந்துவிடுவதாக மட்டும் சொன்னான். அவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

ராசி என்ன ராசி. பழைய இன்ஜின் நோஞ்சான். அதனிடம் இருந்த கொஞ்சநஞ்ச இழுவையைப் பெருக்கிக் கொடுப்பதற்காகவே பழைய கியர்பாக்ஸின் முதல் கியர் அவ்வளவு தாழ்வாக இருந்தது. அதே கியரில் இந்த டீசலைப் பூட்டினால் யார் தாங்குவது? தப்பு இன்ஜினில் இல்லை, ஜோடி சேர்த்ததில் இருந்தது. அந்தத் தப்பு தன்னுடையதுதான் என்பது அவளை இன்னும் குடைந்தது.

இருவரும் பழைய லாரிகளை உடைக்கும் யார்டுகளை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார்கள். நஞ்சுண்டன் ஒரு கியர்பாக்ஸைக் காட்டினான். தாழ்ந்த கியர்கள் நிறைய இருந்தன. மேடு ஏற அதுதான் சரி என்றான். நாகமணி ஒரு டேங்கர் லாரியின் பத்து கியர் உள்ள பாக்ஸின்மேல் கை வைத்தாள்.

“இழுவை இன்ஜின்லயே இருக்குதுங்க மாமா. பாக்ஸ் அதைத் தாங்கோணும், அவ்வளவுதான். இந்த டீசல் சுத்துற ஸ்பீடுல ஒரு சின்ன எல்லைக்குள்ளதான் நல்லா இழுக்கும். கியருங்க கிட்டக்கிட்ட இருந்தாத்தான், மாத்துறப்போ அதை விட்டு வெளிய போகாது.”

அவன் அரைமனதாகத் தலையாட்டினான். கிளட்ச் பிளேட்டை மாற்றி, புதுப் பாக்ஸ் நீளம் என்பதால் நடு ஷாஃப்டை வெட்டிக் குட்டையாக்கி, எல்லாம் பூட்டி முடித்தார்கள். ஆனால் நஞ்சுண்டனின் வலது கால் திருச்செங்கோட்டிலேயே இருந்தது. லோடு வண்டி என்றாலே ஆக்சிலேட்டரை மிதித்துக் கிளப்பிப் பழகிய கால். மிதிக்காதீங்க என்று அவள் சொல்லச் சொல்ல அது மிதித்தது, வண்டி குதித்தது. கடைசியில் நாகமணி அவனை இறக்கிவிட்டுத் தானே ஸ்டியரிங்கைப் பிடித்தாள். லைசென்ஸ் அவளிடமும் இருந்தது.

மேட்டுப் பாதை குறுகலானது. இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் பள்ளம். பாதி தூரம் அழகாக ஏறினாள். அப்போது பார்த்து, வரவேற்கும் ஆர்வத்தில் டாக்டர் எதிரே காரில் இறங்கி வந்தார். நாகமணி பிரேக்கை மிதித்தாள். டாக்டர் பதறிக்கொண்டு ரிவர்ஸிலேயே மேலே போய்ச் சேர்ந்தார். வண்டி மட்டும், அத்தனை டன் இரும்போடு, சரிவின் நடுவில் நின்றது. இங்கிருந்து கிளப்புவதுதான் பரீட்சை. பல் உதிர்ந்து வண்டி பின்னால் உருண்டால் பள்ளம்தான்.

பக்கத்து சீட்டிலிருந்து நஞ்சுண்டன் இறங்கினான். அவளுக்குத் தெரியாமல் பாக்கெட்டில் வைத்திருந்த இரண்டு எலுமிச்சம்பழங்களைப் பின்சக்கரங்களுக்கு முன்னால் வைத்துவிட்டு ஓரமாக நின்றான்.

நாகமணி ஆக்சிலேட்டரைத் தொடவே இல்லை. கிளட்சை மெல்ல, மிக மெல்ல விட்டாள். இன்ஜினின் குரல் தணிந்தது, ஆனால் அடங்கவில்லை. பிரேக்கை விடுவித்தாள். வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை. குதிக்கவும் இல்லை. சும்மா, ஏதோ சமதரையில் நடப்பதைப் போல முன்னே நகர்ந்தது. அடுத்த கியரை மாற்றினாள். இன்ஜினின் வேகம் இறங்கி வந்து சரியாக இழுவை தொடங்கும் இடத்தில் பிடித்துக்கொண்டது. கணவன் ஏறவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நின்றால்தானே ஏற்றுவதற்கு? நிற்காமல் உச்சிவரை போனாள்.

நஞ்சுண்டன் மூச்சிரைக்க மேலே வந்து சேர்ந்தபோது, அவன் உள்ளங்கையில் இரண்டு எலுமிச்சம்பழங்கள் அப்பளமாகக் கிடந்தன. அவற்றை அவளுக்கு முன்னால், டாஷ்போர்டின்மேல் வைத்தான்.

“வண்டி இனிமே உன்னுது அம்மிணி. ரிக் மட்டும் எனக்கு” என்றான்.

டாக்டர் ஓடி வந்தார். நசுங்கிய பழங்களைப் பார்த்தவர் முகத்தில், தான் வழியை மறித்த குற்ற உணர்வு தெரிந்தது.

“இன்னும் தேசிக்காய் வேணுமோ பிள்ளை? வீட்டில நிறையக் கிடக்கு.”

“எடுத்து வைங்க அங்கிள்” என்றாள் நாகமணி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “தண்ணி வந்ததும் ஜூஸ் போடலாம்.”