பதிலைத் திருத்த வந்த அம்மா

படிப்பு முடிந்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை, வீடு வீடாகப் போய் அவர்கள் எப்படிக் கும்பிடுகிறார்கள் என்று கேட்பது. வீட்டில் சொன்னபோது அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "இதுக்குச் சம்பளம் வேற தர்றாங்களா?" என்று கேட்டார். தந்தார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனாலும் அந்த வேலையைப் போல இன்னொரு வேலை எனக்கு அமையவில்லை.

எங்கள் அலுவலகம் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது. இரண்டு அறைகள். முன்னறையில் பேராசிரியரின் மேசையும் எப்போதும் ஒரு கால் ஆடும் பெஞ்சும். உள்ளறையில் தட்டச்சு இயந்திரமும் கண்ணாடி அக்காவும். தடித்த கண்ணாடி போட்டிருந்ததால் நான் வைத்த பெயர் அது. முதல் வாரத்திலேயே அவர் காதில் விழுந்துவிட்டது. "பரவாயில்ல, சோடாபுட்டின்னு வைக்காம விட்டியே" என்றார். அன்றிலிருந்து நேரிலேயே அப்படிக் கூப்பிட்டேன்.

பக்கத்துப் பேட்டையில் மூன்று தெருக்கள் ஒன்றையொன்று ஒட்டியபடி இருந்தன. மேல் தெரு, நடுத்தெரு, தண்டவாளத் தெரு. தெருவுக்கு ஒரு மதம். மூன்றுக்கும் சேர்த்து ஒரே சந்தை, ஒரே பஸ் நிறுத்தம், ஒரே பள்ளிக்கூடம். இத்தனை நெருக்கத்தில் இருப்பவர்கள் எதைத் தங்களுடையது என்று காப்பாற்றுகிறார்கள், எதை அடுத்தவரிடமிருந்து சத்தமில்லாமல் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் பேராசிரியரின் ஆராய்ச்சி. குடிக்க எது கொடுத்தாலும் குடியுங்கள், கைக்கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், அவர்கள் தேடுகிற வார்த்தையை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். இவ்வளவுதான் அவர் எனக்கும் அக்காவுக்கும் சொல்லி அனுப்பியது.

ஆனால் கேள்வி கேட்கப் போன எங்களைத்தான் முதலில் கேள்வி கேட்டார்கள். நீங்க யாரு, எந்தப் பக்கம், அப்பா என்ன பண்றாரு, இன்னும் ஏன் கல்யாணம் ஆகல. எங்களை அலசி முடித்த பிறகுதான் வாய் திறந்தார்கள். மேல் தெருவில் ஒரு பெண், குழந்தைக்கு ஜுரம் வந்தால் தண்டவாளத் தெருக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய்வருவதாக ரகசியமாகச் சொன்னாள். "எங்க வீட்டுக்காரர் காதுல போட்டுடாதீங்க. கொன்னுடுவாரு." மறுநாள் அவள் கணவரை அவருடைய கடையில் பார்த்தோம். கொஞ்ச நேரம் சுற்றிவளைத்துவிட்டு அவரும் அதே விஷயத்தைச் சொல்லி, "வீட்ல சொல்லிடாதீங்க, அவ ஒத்துக்க மாட்டா" என்றார். தெருமுனை திரும்பியதும் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மேல் தெரு முடிந்து நடுத்தெருவின் முறை வந்தது. அன்று காலை அக்கா தெருமுனைத் தேநீர்க் கடையிலேயே நின்றுவிட்டார்.

"நீ மட்டும் போயிட்டு வா."

"ஏங்க்கா? உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்ல. நான் பொறந்து வளர்ந்த தெரு இது. உள்ள போயி பல வருஷம் ஆச்சு." கண்ணாடியைக் கழற்றிப் புடவை முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னார். "எங்க வீட்டுக்காரரு தண்டவாளத் தெரு ஆளு. வீட்ட விட்டு வந்துதான் கட்டிக்கிட்டேன். அப்புறம் அவங்க குடும்பத்தோட ஊரு அந்தக் கோடிக்குப் போயிட்டோம். எங்கம்மா வீடு பச்சைக் கதவு போட்டது. அங்கயும் போவ. என்னப் பத்தி ஒண்ணும் சொல்லாத. கேள்வியக் கேட்டுட்டு வந்துடு."

பச்சைக் கதவு வீட்டில் கூடம் ஒடுக்கமாக, சுத்தமாக இருந்தது. சுவரில் அவர்கள் கும்பிடும் படம், கீழே ஒரு தையல் மெஷின். அக்காவின் அம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். முகவாய் அப்படியே அக்காவுடையது. சைக்கிள் கடை வைத்திருக்கும் மூத்த மகன் சாப்பிட வந்தவர், என்ன கேட்கப் போகிறேனோ என்று நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அம்மாவைக் கேட்ட கேள்விகளுக்கும் அவரே பதில் சொன்னார்.

அந்தக் கேள்வியும் வந்தது. வீட்டில் யாராவது வேறு மதத்தில் திருமணம் செய்திருக்கிறார்களா?

"அப்படியெல்லாம் யாரும் இல்ல. அடுத்தது கேளுங்க" என்றார் அண்ணன்.

அம்மா முட்டியை நீவிக்கொண்டிருந்தார். கை நின்றது. பிறகு மறுபடி நீவத் தொடங்கினார்.

நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தார். "இதெல்லாம் என்ன பாப்பா பண்ணுவீங்க?"

"புத்தகமா அச்சடிப்பாங்கம்மா."

"எல்லாரும் படிப்பாங்களா?"

"படிக்கறவங்க படிப்பாங்க."

"உங்க ஆபீசு எங்க இருக்கு?"

மருந்துக்கடை மாடி என்று சொன்னேன்.

தேநீர்க் கடையில் அக்கா ஆறிப்போன கிளாஸோடு உட்கார்ந்திருந்தார். "எப்படி இருக்காங்க?" என்றார்.

"முட்டி வலிக்குதுபோல. முடி நரைச்சிருக்கு."

"பூராவுமா?"

"பூராவும்."

கிளாஸைக் கடைக்காரரிடம் கொடுத்தார். பிறகு அவராகவே அந்தக் கேள்விக்கு என்ன பதில் வந்தது என்று கேட்டார். தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"சொன்னது யாரு? அம்மாவா?"

"உங்க அண்ணன்."

"இல்லன்னு சொன்னா இல்லன்னே எழுதிக்கோ. நமக்குத் தெரிஞ்சத எழுதறதுக்கா வந்தோம்?" என்று எழுந்து நடந்தார். அன்று திரும்பும் வழியெல்லாம் அவர் எனக்கு முன்னால்தான் போய்க்கொண்டிருந்தார்.

சில நாள் கழித்து ஒரு முற்பகல், மாடிப்படியில் யாரோ நின்று நின்று ஏறும் சத்தம் கேட்டது. அக்காவின் அம்மா. ஒரு கையில் குடை, மறு கை கைப்பிடிச் சுவரில். மூச்சு வாங்கியபடி பேராசிரியரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு என்னிடம் திரும்பினார்.

"பாப்பா, அன்னைக்கு ஒரு பதிலு தப்பா போயிடுச்சு. மாத்தி எழுதணும்."

உள்ளறையில் தட்டச்சு சத்தம் நின்றது.

பேராசிரியருக்கு அக்காவின் கதை எதுவும் தெரியாது. அவர் பாட்டுக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டு, "உக்காருங்கம்மா. எந்தப் பதிலு?" என்றார்.

"வேற இடத்துல கட்டிக்கிட்டவங்க யாராச்சும் உண்டான்னு இந்தப் பொண்ணு கேட்டுச்சு. பெரியவன் இல்லன்னுட்டான். நானும் வாய மூடிக்கிட்டு உக்காந்துட்டேன். இருக்குங்க. எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. வீட்ல அவ பேர எடுக்கறதில்ல, அது எங்க வீட்டோட போச்சு. ஆனா புத்தகத்துல இல்லன்னு போட்டுட்டீங்கன்னா அவ பொறக்கவே இல்லன்னு ஆயிடும். பெத்தவ நானு. அதுக்கு நான் உடந்தையா இருக்க முடியாது."

"பொண்ணு இப்ப எங்க இருக்காங்க?"

"இந்த ஊர்லதான் எங்கயோ இருக்கான்னு கேள்வி."

அக்கா உள்ளறை வாசலில் வந்து நின்றார். தட்டச்சு நாடாவின் மை விரலில் ஒட்டியிருந்தது. அம்மா முதலில் யாரோ என்று பார்த்தார். அப்புறம் குடையை வைக்கப் பார்த்தார். அதை வைக்கக்கூட அவருக்கு இடம் தெரியவில்லை, மேசைமேல் வைத்து, அது உருண்டு, நான் பிடித்தேன்.

"கண்ணாடி எப்பப் போட்ட?" என்றார்.

"பாப்பா பொறந்த வருஷம்."

"பாப்பாவா?"

"ஆமாம்மா. பொண்ணு. ஸ்கூலுக்குப் போறா."

பேராசிரியர் எழுந்தார். "பேனா வாங்கிட்டு வந்துடறேன்" என்று படியிறங்கிப் போனார். சட்டைப்பையில் பேனா இருந்தது. நானும் நழுவப் பார்த்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நீ எங்க போற? மாத்தி எழுதிட்டுப் போ."

எழுதினேன். அவர் பிடியை விடாததால் கோணல்மாணலாக வந்தது. அக்கா அதற்குள் தரையில் உட்கார்ந்து அம்மாவின் மடியில் முகத்தை வைத்திருந்தார். யாரும் சத்தம் போட்டு அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்மா கேள்வி கேட்கத் தொடங்கினார். எங்கள் கேள்விகள் அவர் முன்னால் நிற்கமுடியாது.

"காலைல அவங்க வீட்டுல எப்படிக் கும்புடுவாங்க?"

"அத்தை சத்தமாச் சொல்லுவாங்க. எல்லாரும் கூட நிக்கணும்."

"நீ?"

"நான் நம்ம வீட்டுது மாதிரி மனசுக்குள்ள சொல்லிக்குவேன்."

"சண்டை வராது?"

"ஆரம்பத்துல வந்துச்சு. இப்ப அவங்க முடிக்கற வரைக்கும் நான் அடுப்பப் பாத்துக்கறேன். நான் கும்புடறப்ப அவங்க வந்து அடுப்பப் பாத்துக்கறாங்க."

"கொழந்த?"

"அது ரெண்டையும் கலந்து அடிக்குது."

அம்மா சிரித்தார். அழுகையும் சேர்ந்து வந்ததால் இருமலாகிப்போய், நான் தண்ணீருக்கு ஓட வேண்டியிருந்தது.

அதன்பிறகு வாரம் ஒருமுறையாவது வந்துவிடுவார். வீட்டில் சொன்ன காரணம் முட்டிக்குத் தைலம். கீழே மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டு மாடியேறுவார். முட்டி வலிக்காரர் எதற்கு மாடியேறுகிறார் என்று கடைக்காரர் ஒருநாளும் கேட்டதில்லை. பேராசிரியர் அந்த நாட்களில் தவறாமல் பேனா வாங்கப் போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா அக்காவின் வீட்டைப் பார்க்கவேண்டும் என்றார். அக்காவுக்கு உள்ளூரப் பயம். மாமியாரின் நாக்கு அப்படி. என்னையும் துணைக்கு அழைத்துப் போனார், சண்டை வந்தால் விலக்க.

மாமியார் கதவைத் திறந்து ஏற இறங்கப் பார்த்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"உங்க பொண்ணால எங்க சொந்தக்காரங்க ரெண்டு வருஷம் எங்க வாசப்படி மிதிக்கல" என்றார்.

"எங்களுக்கும் அதே கததாங்க" என்றார் அம்மா. "ஒரு நல்லது கெட்டதுக்குக் கூப்பிடல."

"உங்களையுமா?"

"பின்ன?"

மாமியார் கொஞ்சம் யோசித்தார். "அப்ப சரி. உள்ள வந்து உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தவர்கள் பகல் சாப்பாட்டு வேளை தாண்டியும் எழுந்திருக்கவில்லை. யார் யார் வராமல் இருந்தார்கள், பிறகு யார் முதலில் வந்தார்கள், வந்து என்ன சாக்குச் சொன்னார்கள் என்று ஆளுக்கு ஒன்றாக எடுத்துப்போட்டார்கள். அங்கிருந்து பேச்சு சாமிக்குப் போனது. உங்களில் பிள்ளை பிறந்தால் என்ன செய்வீர்கள், செத்தால் என்ன சொல்வீர்கள், எந்தத் திசையைப் பார்த்து நிற்பீர்கள். நான் மூன்று தெருவிலும் மாதக்கணக்கில் கேட்டு வாங்கியதைவிட அதிகமாக அந்த இரண்டு பேரும் ஒரே அமர்வில் ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிவிட்டார்கள். குறிப்பெடுக்கலாமா என்று அக்காவைப் பார்த்தேன். கண்ணாலேயே அடக்கினார்.

நடுவில் பேத்தி வந்து, கைகூப்பி, தனக்குத் தெரிந்த பிரார்த்தனையைச் சொல்லிக் காட்டினாள். அப்பா வீட்டு வரிகளில் ஆரம்பித்து அம்மா வீட்டு வரிகளில் முடித்தாள். இரண்டு பாட்டிகளும் ஒரே நேரத்தில், "அப்படி இல்லடி கண்ணு" என்று ஆளுக்கு ஒரு வரியைத் திருத்தினார்கள். குழந்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்க பேசி முடிச்சுட்டுச் சொல்லுங்க" என்று விளையாடப் போய்விட்டது.

சைக்கிள் கடை அண்ணனுக்கு விஷயம் எட்டியபோது நேரே அலுவலகத்துக்கு வந்தார். "யாரக் கேட்டு எங்க வீட்டு விஷயத்த எழுதினீங்க?" என்றார் பேராசிரியரிடம்.

"உங்க அம்மாவைக் கேட்டுத்தான்" என்றார் அவர்.

அண்ணன் உள்ளறைப் பக்கம் பார்க்காமலேயே இறங்கிப் போனார். ஆனால் அம்மா வருவதை அவர் தடுக்கவும் இல்லை. தைலம் தீர்ந்துவிட்டதா என்று அவரே சில நாள் கேட்பாராம்.

ஆராய்ச்சி முடிந்து புத்தகம் வந்தது. நான் வேறு வேலை, வேறு ஊர் என்று போய்விட்டேன். பேராசிரியர் ஓய்வுபெற்றார், மாடியை மருந்துக்கடைக்காரரே கிடங்காக எடுத்துக்கொண்டார். அக்காவோடு மட்டும் தொடர்பு விடவில்லை. அவர் அம்மா தவறிய செய்தி வந்ததும் அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பினேன்.

பச்சைக் கதவு வீட்டு வாசலில் பந்தல் போட்டு நாற்காலிகள் வரிசையாக இருந்தன. அக்கா கூடத்தில், அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். கடைசி நாட்களில் அண்ணன்தான் ஆளனுப்பித் தங்கையை வரச்சொன்னாராம். அதற்குமேல் இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

உறவினர்கள் பிரார்த்தனையை ஆரம்பிக்கக் கூடினார்கள். எதை முதலில் சொல்வது என்று நடுத்தெருப் பெரியவர்களுக்குள்ளேயே பேச்சு எழுந்தது. ஒருவர் அப்படி என்றார், இன்னொருவர் இப்படி என்றார். அப்போது ஓரத்தில் உட்கார்ந்திருந்த அக்காவின் மாமியார் எழுந்தார்.

"அவங்க எங்கிட்டச் சொல்லியிருக்காங்க. முதல்ல போறவங்க பயணத்துக்கு உண்டானது. புள்ளைங்களுக்கு உண்டானது அதுக்கப்புறம். அவங்க அம்மாவுக்கும் அப்படித்தான் சொன்னாங்களாம்."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. ஒரு பெரியவர், "நீங்க எங்க ஆளு இல்லையேம்மா, உங்களுக்கு எப்படி..." என்று இழுத்தார்.

அண்ணன் அம்மாவின் காலடியில் நின்றிருந்தார். முகம் வீங்கியிருந்தது. "அவங்க சொல்ற மாதிரியே செய்யுங்க" என்றார். "எங்கம்மா அவங்ககிட்டத்தான் எல்லாம் பேசினாங்க."

அப்படியே நடந்தது. மாமியார் முன்வரிசையில் நின்றார். அவருக்குச் சொல்லத் தெரியாத இடங்களில் சும்மா நின்றார், தெரிந்த இடங்களில் உதடு அசைந்தது. முடிந்ததும் அண்ணன் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அவருக்குப் பின்னால் போட்டு, "உக்காருங்கத்தை, ரொம்ப நேரமா நிக்கறீங்க" என்றார்.