இராஜாங்கம் என்ற பெயரில் ஒரு டப்பா

கலைமகள் அந்தப் பிளாஸ்டிக் டப்பாவில் தன் பெயரை எழுதவில்லை. யாருக்கும் தெரிய வேண்டாமென்று, இல்லாத ஒரு ஆளாக 'இராஜாங்கம், 62, ஆண்' என்று எழுதி ஒட்டினாள். குடவாசலில் ஒரு சிறிய ஆஸ்பத்திரி லேப்பில் பதினான்கு வருடமாக வேலை. ஊரார் ரத்தமும் சிறுநீரும் மலமும் அவள் கையைத் தாண்டித்தான் போகும். தன்னுடையதைத் தானே சோதிக்க வேண்டி வரும் என்று அவள் நினைத்ததே இல்லை.

முந்தின நாள் ஞாயிறு. தஞ்சாவூரில் நடக்கவிருந்த இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டத்துக்காக ஆற்றங்கரைச் சாலையில் ஓடினாள். சித்திரை வெயில் ஏழரை மணிக்கே முதுகைச் சுட்டது. பன்னிரண்டாவது கிலோமீட்டரில் அடிவயிற்றை யாரோ முறுக்கிப் பிழிவதுபோல் இருந்தது. இரண்டு பக்கமும் உளுந்து வயல். ஒதுங்க ஒரு புதர்கூட இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். கழிவறையில் குனிந்து பார்த்தபோது சிவப்பாக இருந்தது.

அவள் அம்மா நாற்பத்தாறு வயதில் குடல் புற்றுநோயில் போனவள். அவளுக்கும் இப்படித்தான் தொடங்கியது. மூலமாக இருக்கும் என்று நான்கு மாதம் வாயே திறக்கவில்லை. கலைமகளுக்கு இப்போது முப்பத்தொன்பது.

கணவன் துரைராசு கதவைத் தட்டினான். "என்ன, இவ்வளவு நேரமா உள்ளயே இருக்க?"

"ஒண்ணுமில்லங்க. சூடு பிடிச்சிருக்கு."

சொன்ன பிறகுதான், அம்மா மறைத்ததும் இதே மாதிரிதான் என்று உறைத்தது.

திங்கட்கிழமை லேப்பில் சோதனை அட்டையில் சொட்டு விட்டாள். ஒரு கோடு விழுந்தால் ஒன்றுமில்லை, இரண்டு விழுந்தால் ரத்தம். முதல் கோடு வந்தது. இரண்டாவது வராது என்று மனம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது மெல்லச் சிவந்து நின்றது. கை கழுவக் குழாயடிக்குப் போனாள். திரும்பி வருவதற்குள், கூட வேலை செய்யும் ஹஃப்ஸா அந்த முடிவையும் மற்றவற்றோடு சேர்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டாள்.

அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரி டாக்டர் ஆயிஷா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"இந்த இராஜாங்கம் யாரு? ஓ.பி. நம்பரே இல்லையே. உடனே வரச் சொல்லுங்க. தள்ளிப் போடக்கூடாது."

கலைமகள் திறந்திருந்த கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"அது நான்தான் டாக்டர்."

டாக்டர் கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார். எல்லாவற்றையும் கேட்டார். "ஓடுறதுக்கு முன்னாடி ஏதாச்சும் மாத்திரை போட்டீங்களா?"

"முழங்கால் வலிக்கு ரெண்டு. வெறும் வயித்துல. குடலுக்குப் பாதுகாப்புன்னு புரோபயாடிக் கேப்ஸ்யூலும் ரெண்டு மாசமா சாப்பிடுறேன். நல்ல கிருமி காப்பாத்தும்னு நெனச்சேன்."

"அது சிலருக்குக் கொஞ்சம் உதவலாம். ஆனா கவசம் கிடையாது. கஷ்டப்பட்டு ஓடுறப்ப ரத்தம் காலுக்கும் தோலுக்கும் போயிடும், குடல் காஞ்சு கிடக்கும். வெயில் வேற. அதுக்கு மேல வலி மாத்திரை போட்டா புண்ணாகாம என்ன செய்யும்?"

"அப்ப இது ஓட்டத்தாலதானா?"

டாக்டர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"இருக்கலாம். ஆனா உங்க அம்மாவுக்கு இருந்திருக்கு. 'இருக்கலாம்'னு உங்கள வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். தஞ்சாவூர்ல போயி குடலுக்குள்ள கேமரா விட்டுப் பாத்துடுங்க."

அன்று சாயங்காலமே துரைராசுவிடம் சொன்னாள். அவன் சாப்பிட்ட கையை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "அத்தைக்கு வந்த அதேதானா?" என்று மட்டும் கேட்டான். "பாத்தாத்தான் தெரியும்," என்றாள்.

தஞ்சாவூரில் தேதி கிடைக்க ஒன்பது நாள் காத்திருந்தார்கள். வயிறு லேசாக இரைந்தாலும் அவள் செய்கிற வேலையை நிறுத்திக் கவனித்தாள். சோறு இறங்கவில்லை. எடை ஒரு கிலோ குறைந்ததும், நோய்தான் தின்கிறது என்று தோன்றிவிட்டது.

தஞ்சாவூரில் கேமரா விட்டுப் பார்த்த டாக்டர், குடலில் ஆறிவரும் சிறு புண்கள் இருப்பதாகச் சொன்னார். அவை ஓட்டமும் மாத்திரையும் செய்த வேலை. கூடவே மிளகு அளவில் ஒரு சதை வளர்ச்சியும் இருந்தது. அதை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். இன்னும் ஒரு வாரம். ஊருக்கெல்லாம் ரிப்போர்ட் எழுதியவள், தன் ரிப்போர்ட்டைப் பிரிக்க முடியாமல் துரைராசுவிடம் நீட்டினாள்.

"கேன்சர் இல்லையாம்," என்று படித்தான். "அஞ்சு வருஷத்துல திரும்ப வந்து பாக்கணுமாம்."

தஞ்சாவூர் ஓட்டத்துக்கு அவள் போகவில்லை. ஆற்றில் தண்ணீர் வந்த பிறகு, ஆனியில் ஒரு காலை, மாத்திரை எதுவும் போடாமல் மெதுவாக ஓடிப் பார்த்தாள். மூன்றாவது கிலோமீட்டரில் வயிற்றுக்குள் ஏதோ அசைந்தது. சட்டென்று நின்றாள். கையை வயிற்றில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். வலி வரவில்லை. வெறும் பசியாகக்கூட இருக்கலாம். ஆனாலும் மிச்ச தூரத்தை நடந்தே வீட்டுக்குப் போனாள்.